வேலி வாயிலைக் கடக்கும் விலங்குகளை எண்ணும் கருவி

தம்பலகாமத்து வயல்வெளி கந்தளாய்க் குளத்து நீரை நம்பி விளைவது. பெரும்போக நெல் கதிர் முற்றி மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையை எதிர்நோக்கி நிற்கும் காலத்தில், காட்டோரத்து வயல்களுக்கு இரவுக் காவல் இன்றியமையாததாகிறது. மின்வேலி போடப்பட்ட வட்டைகளிலும் வேலி எங்கும் முழுமையாக இருப்பதில்லை. வாய்க்கால் கடக்கும் இடத்திலும், உழவு இயந்திரம் செல்லும் வழியிலும் வாயில் ஒன்று விடவேண்டியிருக்கிறது. யானை அவ்வாயிலை மறப்பதில்லை.

காவற் பரணில் இருப்பவர் அறிய வேண்டிய செய்திகள் இரண்டு. விலங்கு வாயிலைக் கடந்துவிட்டதா என்பது முதலாவது. உட்சென்றவை எத்தனை, அவற்றுள் வெளியேறியவை எத்தனை என்பது இரண்டாவது. முதலாவதை அறிந்தாற் பயிரைக் காக்கலாம். இரண்டாவதை அறியாமல் விடியற் கருக்கலில் வயலுக்குள் இறங்குபவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். மூன்று யானைகள் புகுந்து இரண்டு திரும்பிய இரவில், மூன்றாவது எங்கே நிற்கிறது என்னும் கேள்விக்கு விடை கண்ட பின்னரே வரம்பில் கால் வைக்க வேண்டும்.

இவ்விரு செய்திகளையும் தருவதற்கு, உணரி எனப்படும் சிறு கருவியைக் கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தும் முறை இப்போது கமக்காரருக்கும் எட்டும் நிலையில் உள்ளது. இங்கே கணினி என்பது அலுவலகத்து மேசையில் இருக்கும் பெட்டியன்று. உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ போன்ற சிறு பலகையே போதும். கொடுக்கப்பட்ட கட்டளைகளை இடைவிடாது செய்துகொண்டிருப்பது அதன் வேலை. வீட்டில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவிற் படிக்கும் பிள்ளை இருந்தால் அப்பிள்ளையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கட்டளை எழுதட்டும். தகப்பனார் கம்பி பிடித்தாற் போதும்.

அறிவித்தலும் எண்ணுதலும் ஒன்றல்ல

கருவி வாங்குமுன் ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ள வேண்டும். உணரிக்கு யானையும் தெரியாது, மாடும் தெரியாது. தன் முன்னே ஏதோ மாறியது என்பதை மட்டுமே அது சொல்லும். அம்மாற்றத்தை ஒரு விலங்கு என்று கொள்வதா, இரண்டு என்று கொள்வதா, காற்றில் அசைந்த ஓலை என்று தள்ளுவதா என்பதை முடிவு செய்வது நாம் கணினிக்கு எழுதிக் கொடுக்கும் விதியே.

அவ்விதி அறிவித்தலுக்கு ஒரு வகையாகவும் எண்ணுதலுக்கு வேறொரு வகையாகவும் இருத்தல் வேண்டும். மணி அடித்து எழுப்பும் கருவி பத்துமுறை வீணாக அடித்தாலும் பெரிய தீங்கில்லை. ஒருமுறை அடிக்காமல் விட்டாற் போகமே போய்விடும். ஆகையால் அதனைச் சிறு அசைவுக்கும் எழும்பும்படி வைக்கிறோம். எண்ணும் கருவி அவ்வாறு இருத்தலாகாது. ஒரு விலங்கை இரண்டாக எண்ணினாலும் தவறு, இரண்டை ஒன்றாக எண்ணினாலும் தவறு. ஒரே உணரியை ஒரே அமைப்பில் வைத்து இரண்டு வேலைகளையும் வாங்க முயல்பவருக்கு இரண்டும் சரிவர நடப்பதில்லை. அறிவித்தலுக்கு ஓர் உணரியும், எண்ணுதலுக்கு வேறு உணரிகளும் வைப்பதே முறையாகும்.

எந்த உணரி எதற்கு?

கடைகளில் மலிவாகக் கிடைப்பது உடல் வெப்பத்தை அறியும் உணரி. வெண்ணிறக் குமிழ் போன்ற மூடியுடன் இருக்கும். தன் முன்னுள்ள இடத்தின் வெப்பக் கதிரில் மாற்றம் ஏற்பட்டால் அது சைகை தரும். சாதாரணமாக 7 மீற்றர் வரை அறியவல்லது. மின்சாரம் கொடுத்தபின் ஏறக்குறைய ஒரு நிமிடம் அதனை அசையாது விட வேண்டும். அதுவரை அது தரும் சைகைகளைப் பொருட்படுத்த வேண்டாம். சுற்றுப்புறம் விலங்கின் உடல் அளவுக்குச் சூடேறியிருக்கும் நண்பகலில் இவ்வுணரி மந்தமாகும். நிலம் குளிர்ந்த இரவில் நன்கு வேலை செய்யும். எனவே பரணுக்கு மணியடிக்க இது ஏற்றது.

எண்ணுவதற்கு இது உதவாது. ஒருமுறை சைகை தந்தபின் சில விநாடிகள் அந்நிலையிலேயே நின்றுவிடுவதால், அதற்குள் மூன்று பன்றிகள் ஓடினாலும் ஒன்றென்றே காட்டும். மேலும் விலங்கு எத்திசையிற் சென்றது என்பதை அது அறியாது.

ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் உணரியும் உண்டு. அது 4 மீற்றருக்கு அப்பால் நம்பத்தக்கதன்று. ஒடுங்கிய பட்டி வாயிலுக்குச் சரி. யானை வரும் வாயிலுக்குப் போதாது.

எண்ணுவதற்கு ஏற்றது கதிர் மறிப்பு உணரி. வாயிலின் ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர் ஒன்று புறப்பட்டு, மறு பக்கத்திலுள்ள வாங்கியைச் சென்றடையும். நடுவே உடல் வந்தாற் கதிர் மறையும். உடல் விலகினாற் கதிர் திறக்கும். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூரத்திலிருந்து இயக்கும் கையடக்கக் கருவியில் உள்ளதும் இவ்வகைக் கதிரே. வெயிலிலும் இவ்வகைக் கதிர் இருப்பதால், கருவி தன் கதிரை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை துடிக்கச் செய்து அனுப்புகிறது. வாங்கி அந்தத் துடிப்பை மட்டுமே ஏற்கும். ஆயினும் காலைச் சூரியன் நேரே வாங்கியின் கண்ணில் விழுந்தால் அது திணறும். ஆகவே வாங்கி கிழக்கையோ மேற்கையோ பார்க்காதவாறு, கூடியவரை வடக்குத் தெற்காகக் கதிரை அமைத்தல் நன்று.

இவ்வகைக் கருவி வாங்கும்போது ஒரு கவனம் தேவை. வீட்டுக் காவலுக்கென விற்கப்படுபவற்றிற் பல, கதிர் மறைந்து திறந்த பின்னரும் ஓரிரு விநாடிகள் மறைவு நிலையையே காட்டிக்கொண்டிருக்கும். மணியடிக்க அது நல்லது. எண்ணும்போதோ நெருங்கி வரும் இரண்டு விலங்குகள் ஒன்றாகிவிடும். தொழிற்சாலைகளிற் பெட்டிகளை எண்ணுவதற்கென விற்கப்படும் கதிர் உணரியையே கேட்டு வாங்குங்கள். உங்கள் வாயில் 20 அடியாயின், அதைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்கு உரியதென்று குறிக்கப்பட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். மாரி மழையும் பனிமூட்டமும் கதிரை மெலியச் செய்யும்.

இவற்றினும் பெரிய கருவிகள் அரசாங்கங்களின் கையிலேயே உள்ளன. தமிழ்நாட்டிற் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில், இரயிற் பாதையைக் கடக்கும் யானைகளைக் கண்டறிவதற்காக 2024 பெப்ரவரியில் 12 கோபுரங்களில் வெப்பப் படக்கருவிகளும் சாதாரணப் படக்கருவிகளும் நிறுவப்பட்டன. படத்தில் தெரிவது யானைதான் என்பதைக் கணினியே பிரித்தறிந்து செய்தி அனுப்பும். நம் நாட்டில் இத்தகைய ஏற்பாடு எவ்வளவு தேவை என்பதை, 2025 பெப்ரவரி 20ஆம் நாள் அதிகாலையில் மட்டக்களப்பு இரயிற் பாதையில் மின்னேரியாவுக்கும் கல்லோயாவுக்கும் இடையே யானைக் கூட்டம் ஒன்று வண்டியில் மோதுண்டு ஆறு யானைகள் மாண்ட நிகழ்ச்சி உணர்த்தியது. நம் திருகோணமலைப் பாதையும் கல்லோயாச் சந்தியிலிருந்தே பிரிந்து வருகிறது.

யானையின் குரலைக் கொண்டு அதனைக் கண்டறியும் முயற்சியும் உண்டு. மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் யானைகள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளரான கேற்றி பெயின் 1984இல் போட்லண்ட் நகர மிருகக்காட்சிச்சாலையிற் கண்டார். அவ்வொலியைச் சிறு கருவிகளாற் பிடித்து யானை நிற்கும் இடத்தை அறியும் ஆராய்ச்சியைக் கொழும்புப் பல்கலைக்கழகத்துக் கணினிக் கல்விக்கூடத்தினர் செய்துள்ளனர். இவையெல்லாம் வளர்ந்து நம் வரம்புக்கு வந்து சேரும் வரையில், இரண்டு கதிரும் ஒரு சிறு கணினியுமே நமக்கு ஏற்றவை.

இணைப்பு

வேண்டிய பொருள்கள்: கதிர் உணரிச் சோடி இரண்டு, சிறு கணினிப் பலகை ஒன்று, 12 வோல்ற்றுப் பற்றரி ஒன்று, அதனை நாளும் மின்னேற்றச் சிறு சூரியத் தகடு, 12 வோல்ற்றை 5 வோல்ற்றாகக் குறைக்கும் சிறு கருவி ஒன்று, 10 கிலோ ஓம் தடைகள் இரண்டு, மழை புகாப் பெட்டி.

கதிர் உணரிகளுக்குப் பற்றரியின் 12 வோல்ற்றை நேராகக் கொடுக்கலாம். கணினிப் பலகைக்கு 5 வோல்ற்றாகக் குறைத்தே கொடுக்க வேண்டும். எல்லாவற்றின் எதிர்முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டவேண்டும். இதனைப் பலர் மறந்துவிட்டுக் கருவி பழுதென்று எறிகின்றனர். எதிர்முனை பொதுவாக இல்லையெனில், உணரி சொல்வதைக் கணினி அளக்க ஓர் அடிமட்டம் இல்லை.

கதிர் உணரியின் சைகைக் கம்பியை ஓர் ஆளியாக எண்ணிக்கொள்ளுங்கள். அது மூடினாற் கணினியின் முனை எதிர்முனையோடு சேரும்; திறந்தால் அம்முனை எதனோடும் சேராது தொங்கும். தொங்கும் முனை காற்றிலுள்ள மின் அதிர்வுகளையெல்லாம் வாங்கிப் பொய்ச் சைகை தரும். ஆகையால் ஒவ்வொரு சைகை முனையிலிருந்தும் 10 கிலோ ஓம் தடை ஒன்றை 5 வோல்ற்றுக்கு இணைக்க வேண்டும். இனி ஆளி திறந்தால் முனை 5 வோல்ற்றில் நிற்கும். மூடினாற் பூச்சியத்துக்கு இறங்கும். றாஸ்பெரி பை போன்ற பலகைகளை வைத்திருப்போர் 5 வோல்ற்றுக்குப் பதிலாக 3.3 வோல்ற்றுக்கே இத்தடையை இணைத்தல் வேண்டும். அவற்றின் முனைகள் 5 வோல்ற்றைத் தாங்கமாட்டா. எப்பலகையாயினும் 12 வோல்ற்றுக் கம்பி சைகை முனையிற் பட்டாற் பலகை அக்கணமே அழியும்.

கதிர் திறந்திருக்கும்போது ஆளி மூடியும், கதிர் மறையும்போது ஆளி திறந்தும் இருக்கும்படியான உணரியைத் தெரிந்துகொள்வது சிறப்பு. எலி கம்பியைக் கடித்தாலும் இணைப்பு அறுந்தாலும், கதிர் மறைந்ததாகவே கணினி கொள்ளும். மணி ஓயாது அடிக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆயினும், அறுந்துபோன கம்பியோடு இரவு முழுவதும் அமைதியாக இருக்கும் கருவியினும் அது எவ்வளவோ மேல்.

எண்ணும் விதி

இப்பிரசுரத்தில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

ஒரு கதிர் மட்டும் இருந்தால், கதிர் மறைந்தது என்பதை அறியலாம். திசையை அறிய முடியாது. ஆகவே ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு கதிர்களை வாயிலின் குறுக்கே ஒரே உயரத்தில் அமைக்கிறோம். காட்டுப் பக்கம் இருப்பதைக் காட்டுக் கதிர் என்றும், வயற் பக்கம் இருப்பதை வயற் கதிர் என்றும் அழைப்போம். ஒன்றின் ஒளி மற்றதன் வாங்கியிற் படாதிருக்க, ஒரு கதிரை இடமிருந்து வலமாகவும் மற்றதை வலமிருந்து இடமாகவும் செலுத்த வேண்டும்.

விலங்கு ஒன்று உள்ளே செல்லும்போது நிகழ்வன இவை. முதலிற் காட்டுக் கதிர் மறையும். அடுத்து வயற் கதிரும் மறைந்து, இரண்டும் ஒருசேர மறைந்திருக்கும். பின்னர் காட்டுக் கதிர் திறந்து, வயற் கதிர் மட்டும் மறைந்திருக்கும். கடைசியாக இரண்டும் திறக்கும். இந்நான்கு படிகளும் இதே வரிசையில் நடந்து முடிந்தால் மட்டுமே கணினி உட்சென்றவை என்னும் கணக்கில் ஒன்றைக் கூட்ட வேண்டும். வரிசை தலைகீழாக நடந்தால் வெளியேறியவை என்னும் கணக்கில் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

வேறு எந்த வரிசைக்கும் எதையும் கூட்டலாகாது. யானை வாயிலுக்குள் துதிக்கையை நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாற் காட்டுக் கதிர் மறைந்து மீண்டும் திறக்கும், அவ்வளவே. பாதி உடல் நுழைந்தபின் பின்வாங்கினால், இரண்டும் மறைந்து, முதலில் வயற் கதிரும் பிறகு காட்டுக் கதிரும் திறக்கும். இதுவும் கடத்தல் அன்று. ஒரு கதிரை மட்டும் வைத்து எண்ணியிருந்தால் இவை ஒவ்வொன்றும் ஒரு யானையாகியிருக்கும். வௌவாலும் பறந்துவரும் ஓலைத்துண்டும் அரை விநாடிக்குக் குறைவாகவே கதிரை மறைக்கும்; அவ்வளவு குறுகிய மறைவைக் கணக்கிற் கொள்ளாது விடும்படி கணினிக்குக் கட்டளை எழுதலாம்.

ஒன்றரை அடி என்னும் அளவுக்குக் காரணம் உண்டு. இடைவெளி விலங்கின் உடல் நீளத்துக்கு மேற்பட்டால் இரண்டு கதிர்களும் ஒருசேர மறையும் படியே வராது. உடலிலும் குறைவாக, ஆனால் ஐந்து, ஆறடியாக வைத்தால், ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு விலங்குகளுக்கு நடுவே இரண்டு கதிர்களும் திறக்கும் கணம் வராது, இரண்டும் ஒன்றாகிவிடும். கதிர்கள் நெருங்கியிருந்தால், விலங்குகளுக்கிடையே இரண்டடி வெளி இருந்தாலும் கணினி அவற்றைப் பிரித்துவிடும்.

உயரமும் அதைப் போலவே முக்கியமானது. கதிரை முழங்கால் மட்டத்தில் வைத்தால் ஒவ்வொரு காலும் கதிரை மறைத்துத் திறக்கும். கணக்கிற் காலையும் உடலையும் கணினி வேறுபடுத்தாது. ஒரு யானை நான்கு யானையாகும். கதிர் வயிற்றுக்கு மேலே, விலாவிற் படவேண்டும்.

முதலிற் பட்டியிலே பழகுக

கருவியைச் செய்தவுடன் காட்டோரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்கள் மாட்டுப் பட்டியின் வாயிலில் முதலில் அமையுங்கள். பட்டியில் எத்தனை மாடு என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கருவியின் பொய்யை அங்கே உடனே பிடித்துவிடலாம்.

வாயிலை ஒரு மாடு மட்டும் செல்லும் அளவுக்குக் கம்புகளால் ஒடுக்குங்கள். நாட்டு மாட்டுக்குக் கதிர் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். இரண்டு கதிர்களுக்கும் நடுவே ஓரடி போதும். காலையில் மேய்ச்சலுக்குச் செல்பவற்றை நீங்கள் கண்ணால் எண்ணி எழுதுங்கள். கருவி எண்ணியதையும் பக்கத்தில் எழுதுங்கள். மாலையிற் பட்டிக்குத் திரும்புபவற்றையும் அவ்வாறே எழுதுங்கள். ஏழு நாள் இவ்வாறு செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கருவி எங்கே வழுவுகிறது என்பது தெரியவரும். தாயை உரசிக்கொண்டு செல்லும் கன்று எண்ணப்படாமற் போகும். அவசரத்தில் இரண்டு மாடுகள் முட்டிக்கொண்டு நுழைந்தால் ஒன்றாகும். வாலைச் சுழற்றும் மாடு கூட்டிக் காட்டினால், குறுகிய மறைவுக்கு நீங்கள் வைத்த நேரம் போதாதென்று கொள்ளுங்கள்.

ஏழு நாட் கணக்கும் ஒத்து வந்த பின்னரே அடுத்த வேலை. கத்தரி, மிளகாய், வெண்டித் தோட்டம் செய்வோருக்குப் பன்றித் தொல்லையே பெரிது. அவர்கள் இதே அமைப்பை ஒன்றரை அடி உயரத்தில், பன்றி நுழையும் வேலி ஓட்டையில் வைக்கலாம். எத்தனை பன்றி வந்தது என்பதினும் எத்தனை மணிக்கு வந்தது என்பதே அவர்களுக்குப் பயன் தரும். கணினியோடு நேரம் காட்டும் சிறு கடிகாரப் பலகை ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு கடத்தலின் நேரமும் பதிவாகும். ஒரு மாதப் பதிவைப் பார்த்தபின், இரவு முழுவதும் கண்விழிப்பதை விட்டு வேண்டிய வேளையில் மட்டும் காவல் இருக்கலாம்.

யானை வாயிலில்

வளர்ந்த பெண் யானை தோள்வரை ஏழெட்டு அடி உயரமுள்ளது. அதன் விலாவிற் படுவதற்கு எண்ணும் கதிர்களை 5 அடி உயரத்தில் வையுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட கன்று தாயின் வயிற்றுக்குக் கீழே நடக்கும் உயரமே ஆகையால் அது எண்ணப்படாது என்பதை நினைவில் வைத்திருங்கள். கன்றோடு வந்த யானையே மிகுந்த ஆபத்தானது. இரண்டடி உயரத்தில் வேறொரு கதிரை அமைத்து மணியோடு மட்டும் இணைத்துவிட்டால், காலோ கன்றோ பன்றியோ எது கடந்தாலும் பரணில் மணி அடிக்கும். அக்கதிரை எண்ணும் கணக்கிற் சேர்க்க வேண்டாம்.

கம்பங்கள் நடைவழியிலிருந்து ஐந்தாறு அடி விலகியிருக்க வேண்டும். யானை நின்று உடலைத் தேய்க்கும் இடத்தில் நட்டால் ஓர் இரவுக்கு மேல் நில்லா. கம்பிகளைப் பிளாஸ்ரிக்குக் குழாயினுள் இட்டு ஓரடி ஆழத்திற் புதையுங்கள். கணினியும் பற்றரியும் வாயிலில் இருத்தலாகாது, பரணில் இருக்கட்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டு வேலியாக்குவோர் இன்னும் இருக்கின்றனர். அது சட்டத்துக்கு மாறானது. யானையை மட்டுமன்றி, தண்ணீர் பார்க்கப் போன அயலவரையும் கொல்வது. இக்கருவிக்கு 12 வோல்ற்றே போதும். அதனால் எவருக்கும் தீங்கில்லை.

யானை வாயிலைப் பட்டி வாயில் போல ஒடுக்க முடியாது. ஆகவே இரண்டு யானைகள் தோளோடு தோள் சேர்ந்து புகுந்தாற் கருவி ஒன்றென்றே எண்ணும். இதன் விளைவு எவ்வாறாகும் என்று பார்க்க வேண்டும்.

இரண்டு யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து, சேர்ந்தாற்போல வெளியேறினால், உள்ளே 2, வெளியே 1, மீதி 1 என்று காட்டும். வயலில் யானை இல்லை. ஆயினும் நீங்கள் பரணிலேயே காத்திருப்பீர்கள். நேரம் வீணாகும், வேறு தீங்கில்லை. சேர்ந்து புகுந்து, தனித்தனியே வெளியேறினால், உள்ளே 1, வெளியே 2 என்று வரும். புகுந்ததினும் கூடுதலாக வெளியேற முடியாதாகையாற் கருவி தவறியது உடனே வெளிப்படும். இவ்விரண்டும் நமக்குத் தெரியவரும் தவறுகள். சேர்ந்து புகுந்த இரண்டில் ஒன்று மட்டும் வெளியேறினாலோ, உள்ளே 1, வெளியே 1, மீதி பூச்சியம் என்று காட்டும். எண்கள் அழகாகப் பொருந்தியிருக்கும். மற்ற யானை நெல்லுக்குள் நின்றுகொண்டிருக்கும்.

எனவே கருவி காட்டும் எண்ணைப் பின்வருமாறு கொள்ளுதல் வேண்டும். மீதி ஒன்று அல்லது அதற்கு மேல் என்று காட்டினால் அதை நம்புங்கள். வயலில் இறங்க வேண்டாம். மீதி பூச்சியம் என்று காட்டினால் அதை நம்பவேண்டாம். வெளிச்சம் வந்து, பரணிலிருந்து முழு வட்டையையும் பார்த்த பின்னரே இறங்குங்கள். கருவி ஒரு வாயிலை மட்டுமே அறியும் என்பதையும் மறக்கலாகாது. வேறு இடத்தில் வேலியை முறித்துப் புகுந்த யானை அதன் கணக்கில் இல்லை.

கருவியைச் சரிபார்க்கப் பழைய முறை ஒன்றையும் உடன் வைத்துக்கொள்ளலாம். வாயிலின் குறுக்கே ஆறடி அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, நீர் தெளித்து, மாலைதோறும் பலகையால் மட்டமாக்கி விடுங்கள். காலையிற் காலடிகளைப் பாருங்கள். முன்னங்காலடியின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டு மடங்காக்கினால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வரும். அளவு வேறுபடும் அடிகள் வேறு வேறு யானைகளினுடையன. கருவி ஒன்றென்று எண்ணிய இடத்தில் நாலரை அடிச் சுற்றளவும் மூன்றரை அடிச் சுற்றளவும் உள்ள அடிகள் இருந்தால், வந்தவை இரண்டு. கன்றின் சிறிய அடியும் இங்கேதான் அகப்படும். இதனையும் அன்றாடக் குறிப்பில் எழுதி வாருங்கள்.

எண்ணுவதில் வரும் இந்த இடர்ப்பாடு கமக்காரருக்கு மட்டும் உரியதன்று. 2011 ஓகஸ்டில் நாடு முழுவதும் யானைகளை எண்ணியபோது குளங்களிலும் நீர்நிலைகளிலும் ஆட்களை இருத்திக் கண்ணாலேயே எண்ணினர். 5,879 என்று கணக்கு வந்தது. ஒரே யானையை இரண்டு குளத்தில் எண்ணிவிடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பட்டி வாயிலில் ஏழு நாள் எண்ணிப் பார்த்தவர் அறிவார்.

பேணுதல்

உணரியின் கண்ணைக் கிழமைக்கு ஒருமுறை மென்மையான துணியால் துடைக்க வேண்டும். சிலந்தி வலையும் குளவிக் கூடுமே இவற்றின் முதற் பகை. கதிர் வருகிறதா என்பதை வெறுங்கண்ணாற் பார்க்க முடியாது. ஆனாற் பல கைத்தொலைபேசிகளின் படக்கருவி வழியாக இருளிற் பார்த்தால், அனுப்பும் பக்கத்தில் மங்கிய ஊதா ஒளி தெரியும். பெட்டியின் மூடியிற் பல்லியும் எறும்பும் புகாதவாறு கம்பித் துளைகளை மெழுகால் அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் மின்னல் கண்டவுடன் நீண்ட கம்பிகளைப் பலகையிலிருந்து கழற்றிவிடுதல் நன்று; கழற்றிய இரவில் காவல் முழுவதும் உங்களுடையதே.

மின்னேற்றம் குறைந்த பற்றரியே பெரும்பாலான பொய்ச் சைகைகளுக்குக் காரணம். மாலையில் அளவுமானியால் அளந்து 12 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் அன்றிரவு வேறு பற்றரியை இணைக்க வேண்டும்.

அறுவடை முடிந்தபின் கருவிகளைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்துவிடலாம். குறிப்புப் புத்தகத்தைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுவந்தால், அயல் வட்டைகளின் குறிப்புகளோடு சேர்த்துப் பார்த்து, எந்த வாயிலில், எந்த வாரத்தில், எத்தனை மணிக்கு நடமாட்டம் மிகுதி என்பதை அடுத்த பெரும்போகத்துக்கு முன்னர் கணித்துத் தரலாம். குறிப்பிற் கருவியின் எண், கண்ணால் எண்ணியது, காலடி அளவு ஆகிய மூன்றும் தனித்தனி நிரல்களில் இருக்கவேண்டும். ஒன்றோடொன்று ஒத்துவராத நாட்களை அழித்துத் திருத்தாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.